கல்லுள் அகப்பட்ட காற்று

காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்ப் பகுதியைச் சார்ந்து, செய்யாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் காவாந்தண்டலம். 2021ஆம் ஆண்டு வைகாசித் திங்களில், பெருந்தொற்று நாடெங்கும் பரவியிருந்த காலத்தில், அவ்வூரில் எங்கள் இல்லத்திற்கு ஒரு பொறி வந்து சேர்ந்தது. முழங்கால் உயரமே இருந்தது. மின்கம்பியைச் சுவரிற் செருகியவுடன் முனகத் தொடங்கிய அப்பொறி, சில நொடிக்கு ஒருமுறை பெருமூச்சு விடுவது போன்ற ஓர் ஓசையை எழுப்பிற்று. அதனின்றும் புறப்பட்ட மெல்லிய குழாய் என் தமையனாரின் மூக்கிற் சென்று பொருந்தியது. அவர் மருத்துவமனையிலிருந்து திரும்பி இரண்டு நாளே ஆகியிருந்தன. விரல்நுனியில் மாட்டியிருந்த சிறு கருவி 88 என்று காட்டிக்கொண்டிருந்தது. அரைமணி நேரத்திற்குப் பின் அஃது 94 ஆயிற்று. வீட்டில் இருந்தோர் அனைவரும் அவ்வெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பொறியோடு உருளை ஏதும் வரவில்லை. வெளியிலிருந்து எவரும் வளியைக் கொண்டுவந்து நிரப்பவும் இல்லை. அறையில் இருந்த காற்றையே உள்ளிழுத்து, அதிலிருந்து உயிர்வளியாகிய ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் அண்டை வீட்டுச் சிறுவன் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, “தாத்தா, அதற்குள்ளே என்னதான் இருக்கிறது?” என்று வினவினான். இலக்கணம் கற்பித்தே காலங் கழித்த எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தும், வேதியியல் ஆசிரியர்களாகிய நண்பர்களைக் கேட்டும் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

அத்தகைய பொறியின் உள்ளே காற்றை அழுத்தும் ஓர் இயந்திரமும் குழல்கள் இரண்டும் உள்ளன. குழல்களுக்குள் கேழ்வரகு மணி போன்ற சிற்றுருண்டைகள் நெருங்க நிரப்பப்பட்டிருக்கின்றன. அவை சியோலைட்டு என்னும் பொருளால் ஆனவை. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு நைட்ரஜன்; 21 பங்கு ஆக்ஸிஜன்; எஞ்சிய ஒரு பங்கில் மிகப்பெரும்பகுதி ஆர்கான். அழுத்திய காற்றைக் குழலுக்குள் செலுத்தினால், உருண்டைகள் நைட்ரஜனைப் பிடித்து நிறுத்திக்கொள்ளுகின்றன. ஆக்ஸிஜன் பெரும்பாலும் தடையின்றி மறுமுனைக்குச் சென்றுவிடுகின்றது. பொறியோடு வரும் கையேட்டிலேயே இவ்வளவும் எழுதப்பட்டிருக்கும். ஆயின், இரண்டு வளிகளும் நிறமற்றவை, மணமற்றவை, பருமனிலும் ஏறக்குறைய ஒத்தவை. அந்தக் கல் அவற்றுள் ஒன்றை மட்டும் எவ்வாறு தேர்ந்து பற்றுகிறது? கல்லின் உள்ளே நிகழ்வதை நாம் எவ்வாறு அறிந்தோம்?

முதலிற் கல்லைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். 1756ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கனிமவியல் அறிஞர் குரோன்ஸ்டெட் என்பவர் ஒரு கனிமத்தைத் தீயிற் காய்ச்சினார். அது நுரைத்துப் பொங்கி ஆவி விட்டது. கல் கொதிப்பதைக் கண்டு வியந்த அவர், கொதித்தல் என்றும் கல் என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துச் ‘சியோலைட்டு’ என்று அதற்குப் பெயரிட்டார். தமிழில் ‘கொதிகல்’ என்று வினைத்தொகையாகச் சொன்னால் அழகாகவே இருக்கும். ஆனால், வழக்கில் வேரூன்றிவிட்ட சொல்லை மாற்ற நான் முற்படவில்லை. நம் நாட்டிலேயே இக்கல் ஏராளமாகக் கிடைக்கின்றது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு வழிந்து இறுகிய கரும்பாறைகளின் பொந்துகளில், பிற்காலத்து வெந்நீர் ஊற்றுகள் சியோலைட்டுப் படிகங்களை வளர்த்து வைத்தன. புனே, நாசிக், சல்காவ் ஆகிய பகுதிகளில் கல் உடைக்கும் இடங்களிலும் கிணறு வெட்டும் இடங்களிலும் பூங்கொத்துப் போன்ற அப்படிகங்கள் வெளிப்படும். உலகத்து அருங்காட்சியகங்கள் பலவற்றில் அவை வைக்கப்பெற்றுள்ளன.

பொறிகளில் இடுவது இயற்கைக் கல் அன்று, ஆலையிற் செய்யப்படுவது. அமெரிக்க நாட்டு வேதியியலறிஞர் மில்டன் என்பவர் 1949ஆம் ஆண்டு முதல் ஆய்வுக்கூடத்திலேயே இவ்வகைக் கற்களை ஆக்கும் முறையைக் கண்டார். ஏ வகை, எக்ஸ் வகை என்று அவற்றிற்கு எழுத்தே பெயராயிற்று.

இக்கல்லின் அமைப்பு வியப்பிற்குரியது. சிலிக்கன் அணு ஒன்றைச் சுற்றி ஆக்ஸிஜன் அணுக்கள் நான்கு நிற்கும். அந்நான்கும் அடுத்த சிலிக்கனோடு கைகோத்து நிற்கும். இவ்வாறு கோத்துக்கொண்டே செல்லும்பொழுது இடையிடையே கூடங்களும், கூடத்திற்குக் கூடம் வாயில்களும் உண்டாகின்றன. ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூற்றுக்கு ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். எக்ஸ் வகைச் சியோலைட்டின் வாயில் அகலம் ஏறத்தாழ 7.4 ஆங்ஸ்ட்ராம். ஒரு கிராம் கல்லில் உள்ள கூடங்களின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் 500 சதுர மீட்டருக்கு மேற்படும். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழப் பன்னிரண்டு சென்ட் நிலம். ஒரு சிட்டிகைத் தூளுக்குள் ஒரு வீட்டுமனையைக் காட்டிலும் மிகுந்த இடம்!

சிலிக்கன் இருக்கவேண்டிய இடங்கள் சிலவற்றில் அலுமினியம் அமர்ந்திருக்கும். அவ்வாறு அமர்ந்த ஒவ்வோர் இடத்திலும் சட்டகத்திற்கு ஓர் எதிர் மின்னூட்டம் மிகுந்துவிடும். அதனை ஈடுசெய்வதற்காக, சோடியம், பொட்டாசியம், லித்தியம், கால்சியம் போன்றவற்றின் நேர் மின்னூட்டமுடைய அயனிகள் கூடங்களின் சுவரோரமாகக் குடியிருக்கும். இவ்வயனிகளை மறவாதிருத்தல் வேண்டும். பின்வரும் செய்தி அனைத்தும் இவற்றைப் பற்றியதே.

சியோலைட்டுக்கு ‘மூலக்கூற்றுச் சல்லடை’ என்று மற்றொரு பெயரும் உண்டு. அப்பெயரைக் கேட்டவுடன், சிறியதை உள்ளே விட்டுப் பெரியதை வெளியே நிறுத்துவதனாற்றான் காற்றுப் பிரிகின்றது என்று நான் கருதினேன். அது பிழை. நைட்ரஜன் மூலக்கூற்றின் குறுக்களவு ஏறத்தாழ 3.6 ஆங்ஸ்ட்ராம், ஆக்ஸிஜனுடையது 3.5. வாயிலோ 7.4. இரண்டும் தாராளமாக உள்ளே நுழையும். நுழைந்த பின்னர் ஒன்று சுவரோடு ஒட்டி நிற்க, மற்றொன்று போய்விடுகிறது. இவ்வாறு ஒரு பொருளின் பரப்பில் வளி சென்று ஒட்டுவதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். உறிஞ்சுதல் வேறு, இது வேறு. துணி நீரை உறிஞ்சுகின்றது. கரும்பலகை சுண்ணத்தூளைத் தன் முகத்தில் தாங்குகின்றது. சியோலைட்டு வளியைத் தாங்குவது இரண்டாவது வகை.

இனி ஒளியைப் பற்றிக் காண்போம். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர் கதிரவன் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி ஒன்றை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்திற்கும் அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்றவற்றினும் மிகுதியாக ஏறிற்று. அங்கே கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று விழுகின்றது என்று அவர் உணர்ந்தார். அதனையே அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். அடுப்பின் அருகே அமர்ந்திருப்போர் முகத்தில் உணரும் வெம்மையிற் பெரும்பகுதி இக்கதிரே.

1859ஆம் ஆண்டில் இலண்டனில் ஜான் டிண்டால் என்பார் ஒரு நீண்ட குழாயில் வளிகளை ஒவ்வொன்றாக நிரப்பி, அதன் ஊடே வெப்பக்கதிரைச் செலுத்தி, எவ்வளவு மறுபுறம் வருகின்றது என்று அளந்தார். குழாயின் இரு முனைகளையும் கண்ணாடியால் மூடினால் கண்ணாடியே கதிரைத் தடுத்துவிடும். ஆகையால் அவர் பாறையுப்பைத் தகடாக இழைத்து மூடினார். உப்பு இக்கதிரைத் தடுப்பதில்லை. இன்றும் இத்துறை ஆய்வாளர்கள் உப்பினத்தைச் சேர்ந்த தகடுகளையே சாளரமாக வைக்கின்றனர். டிண்டால் கண்டது இது: நீராவியும் கரியமில வாயுவும் கதிரை விழுங்கின, நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஏதும் விழுங்காமல் அப்படியே விட்டுவிட்டன.

ஏன் இந்த வேறுபாடு? மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஊஞ்சலைத் தள்ளுவோர் அதன் ஆட்டத்திற்கு ஒத்த கணத்தில் தள்ளினாலன்றி ஆட்டம் பெருகாது. அதுபோல, மூலக்கூற்றின் அதிர்வோடு ஒத்த அதிர்வுடைய கதிரை மட்டுமே அது ஏற்கும். எந்தக் கதிர் ஏற்கப்பட்டது என்பதை, ஒரு சென்டிமீட்டர் நீளத்துள் அதன் அலைகள் எத்தனை அடங்கும் என்னும் எண்ணாற் குறிப்பர். அதற்கு அலையெண் என்று பெயர். கார்பன் மோனாக்ஸைடு 2143 என்னும் அலையெண்ணில் கதிரை ஏற்கும். கரியமில வாயு ஏற்பது 2349இல். ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் உரிய எண்கள் வேறு வேறு. ஏற்கப்பட்ட இடங்களை வரைந்து காட்டும் கோட்டிற்கு நிறமாலை என்று பெயர். நிறமே இல்லாத கதிருக்கு நிறமாலை என்று பெயரிட்டது முரண்தான். ஆயினும் அச்சொல் நிலைத்துவிட்டது.

ஆனால், அதிர்வு ஒத்தால் மட்டும் போதாது. ஒளி என்பது மின்விசையின் அலை. அது நேர் மின்னூட்டத்தை ஒரு பக்கமும் எதிர் மின்னூட்டத்தை மறுபக்கமும் தள்ளும். தள்ளுவதற்குப் பிடி வேண்டும். கார்பன் மோனாக்ஸைடில் ஒரு முனை கார்பன், மறுமுனை ஆக்ஸிஜன். இரு முனைகளும் ஒத்தவையல்ல. ஆகையால் ஒளிக்குப் பிடி கிடைக்கின்றது. நைட்ரஜனிலோ இரு முனைகளிலும் நைட்ரஜன் அணுவே. இரு புறமும் ஒரே எடையுள்ள குடங்களைத் தொங்கவிட்ட காவடியைப் போல அது எப்பொழுதும் சமன் பெற்று நிற்கின்றது. அதிர்ந்தாலும் இரு புறமும் ஒன்றுபோலவே நீண்டு ஒன்றுபோலவே குறுகும், சமன் குலைவதில்லை, ஒளிக்குப் பிடி கிடைப்பதில்லை. நைட்ரஜனும் அதிர்கின்றது. ஆயினும் அதன் அதிர்வு அகச்சிவப்புக் கதிருக்குப் புலப்படாது.

அவ்வதிர்வைக் காண்பதற்கு நம் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் வேறொரு வழியைத் திறந்தார். 1928ஆம் ஆண்டில் அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவுக்குச் சமன் குலைதல் வேண்டுவதில்லை. அவ்விளைவைக் கொண்டு அடுத்த ஆண்டிலேயே இத்தாலிய அறிஞர் இராசெட்டி நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் ஆராய்ந்தார். நைட்ரஜனின் எண் 2330 என்றும், ஆக்ஸிஜனின் எண் 1556 என்றும் இன்று நாம் சொல்வது அவ்வழியே பெற்ற அறிவாகும்.

கல்லுக்குள் அகப்பட்ட வளியைக் காண்பதற்கு வருவோம். திடப்பொருளின் பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகளை அகச்சிவப்புக் கதிராற் காணலாம் என்பதை 1940களில் லெனின்கிராடு நகரில் தெரெனின் என்பவரும் அவர் மாணவர்களும் நுண்துளைக் கண்ணாடியைக் கொண்டு காட்டத் தொடங்கினர். பின்னர் அம்முறை சியோலைட்டிற்கும் வந்தது. செய்முறை சொல்வதற்கு எளிது. செய்வதற்குப் பொறுமை வேண்டும். சியோலைட்டுத் தூளை அப்பளம் போன்ற மெல்லிய வில்லையாக அழுத்துவர். பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவே இருக்கும். சிறிது தடித்தாலும் கதிர் ஊடுருவாது. சிறிது மெலிந்தாலும் வில்லை நொறுங்கிவிடும். அதனை உப்புச் சாளரம் உடைய கலத்துள் தொங்கவிட்டு, உள்ளிருக்கும் காற்றை முற்றும் இறைத்து, 400 பாகை செல்சியசு அளவிற்குச் சூடேற்றி, பல மணி நேரம் வைப்பர். கல்லுள் தங்கியிருக்கும் நீரெல்லாம் அப்பொழுதுதான் அகலும். பின்னர் நீர்ம நைட்ரஜனால் சுழிக்குக் கீழ் 196 பாகை வரை குளிரச் செய்து, ஆராயவேண்டிய வளியைத் துளித்துளியாக உள்ளே விடுவர். ஒவ்வொரு துளிக்கும் ஒரு நிறமாலை எடுக்கப்படும்.

முதலில் உள்ளே அனுப்பப்பட்டது பெரும்பாலும் கார்பன் மோனாக்ஸைடே. அதனை ஒற்றன் எனலாம். அது கூடத்திற்குள் சென்று அயனியைத் தொட்டவுடன் அதன் அலையெண் மாறுகின்றது. மாறிய அளவைக் கொண்டு அயனியின் வலிமையை நாம் அறிகிறோம். தனித்த நிலையில் 2143. ஒருவகைச் சியோலைட்டில் பொட்டாசியம் அயனியைத் தொட்டபொழுது ஏறத்தாழ 2166. அதே கல்லில் சோடியத்தைத் தொட்டபொழுது 2178. லித்தியத்தைத் தொட்டபொழுது 2190ஐ ஒட்டி உயர்ந்தது. வீணையின் நரம்பை முறுக்க முறுக்கச் சுரம் உயர்வது போல, அயனியின் மின்விசை மிக மிக மூலக்கூற்றின் பிணைப்பு இறுகி எண் உயர்கின்றது. மூன்று அயனிகளுக்கும் மின்னூட்டம் ஒன்றே. ஆனால் லித்தியம் உருவிற் சிறியது. ஆகையால் மூலக்கூறு அதனை மிக நெருங்கி நிற்கமுடிகின்றது, விசையும் மிகுகின்றது.

ஒற்றன் சொன்ன மற்றொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. சில சியோலைட்டுகளில் 2143க்கு மேலே ஒரு கோடு தோன்றுவதோடு, அதற்குக் கீழேயும் ஒரு சிறு கோடு தோன்றிற்று. கீழே ஏன் வரவேண்டும்? ஸ்பெயின், ருசியா, இத்தாலி நாட்டு அறிஞர்கள் கூடி ஆராய்ந்து 1998ஆம் ஆண்டில் விடை கூறினர். மூலக்கூறு பெரும்பாலும் கார்பன் முனையால் அயனியைத் தொட்டு நிற்கின்றது. அப்பொழுது எண் உயரும். சிற்சில மூலக்கூறுகள் தலைகீழாகத் திரும்பி ஆக்ஸிஜன் முனையால் தொட்டு நிற்கின்றன. அப்பொழுது பிணைப்புத் தளர்ந்து எண் தாழும். வெப்பநிலையை உயர்த்தினால் தலைகீழாய் நிற்பவற்றின் பங்கு பெருகும். குளிரச் செய்தால் மீண்டும் குறையும். ஆங்ஸ்ட்ராம் அளவுள்ள ஒரு துகள் குட்டிக்கரணம் போடுவதை, ஒரு கோட்டின் ஏற்றத் தாழ்வைக் கொண்டு மனிதர் கண்டறிந்தனர்.

இப்பொழுது நைட்ரஜனை உள்ளே விடுவோம். டிண்டாலின் குழாயில் எத்தனை அடி நீளம் நிரப்பினாலும் ஏதும் காட்டாத அவ்வளி, சியோலைட்டு வில்லையின் மெல்லிய தடிப்புக்குள் அகப்பட்டவுடன் 2330ஐ ஒட்டிச் சிறியதாயினும் தெளிவான ஒரு கோட்டைக் காட்டியது! காரணம் இதுவே. கூடத்தின் சுவரோரத்தில் இருக்கும் அயனி, தன்னை நெருங்கிய நைட்ரஜனின் எதிர்மின் துகள்களைத் தன் பக்கம் சிறிது இழுக்கின்றது. காவடியின் ஒரு பக்கத்துக் குடத்தில் மட்டும் யாரோ ஒரு கைப்பிடி மணல் இட்டது போலச் சமன் குலைகின்றது. சமன் குலைந்தவுடன் ஒளிக்குப் பிடி கிடைத்துவிடுகின்றது. 1970களில் பாரிசு நகரில் எவெலின் கோஹன் த லாரா என்னும் அம்மையாரும் அவரோடு உழைத்தோரும், சோடியம் நிறைந்த ஏ வகைச் சியோலைட்டுள் சிறு மூலக்கூறுகளை இவ்வாறு அகப்படுத்தி, கூடத்தின் உள்ளே நிலவும் மின்புலத்தின் வலிமையையே கணக்கிட்டனர்.

பொறியின் மறைபொருள் இங்கேதான் இருக்கின்றது. நைட்ரஜனை ஒளிக்குப் புலப்படுத்தும் அயனியின் மின்விசையே அதனைக் கல்லோடு பிடித்தும் நிறுத்துகின்றது. நைட்ரஜன் மூலக்கூற்றின் இரு முனைகளிலும் சிறிது எதிர்மின்னும், நடுவிற் சிறிது நேர்மின்னும் மிகுந்திருக்கும். மொத்தத்திற் சமன் கெடாவிட்டாலும், மிக அருகிலிருக்கும் அயனிக்கு அந்த முனை ஒரு கொக்கி போலாகின்றது. ஆக்ஸிஜனிலும் அத்தகைய பகிர்வு உண்டு. ஆனால் அதன் அளவு நைட்ரஜனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அயனி ஆக்ஸிஜனை மெல்லத் தொட்டு விட்டுவிடுகின்றது. மின்விசை மிகுந்த அயனி எது என்று ஒற்றன் முன்னரே சொல்லிவிட்டான் அன்றோ? இல்லத்தில் வைக்கும் சிறு பொறிகள் பலவற்றில் லித்தியம் ஏற்றிய எக்ஸ் வகைச் சியோலைட்டை இடுவதற்கு அதுவே காரணம்.

மற்றொன்றும் கவனித்தல் வேண்டும். பிடி மிக வலிதாயின் பொறி பயன்படாது. பிடித்ததை விடவும் வேண்டும். அழுத்தம் மிகுந்திருக்கும்பொழுது கல் நைட்ரஜனைப் பற்றுகின்றது. அழுத்தத்தைக் குறைத்தவுடன் விட்டுவிடுகின்றது. ஆகவே குழல்கள் இரண்டு வைத்தனர். ஒன்று பற்றிக்கொண்டிருக்கும்பொழுது மற்றொன்று தான் பற்றியதை வெளியே விடும். சில நொடிகளில் இரண்டும் தம் தொழிலை மாற்றிக்கொள்ளும். இம்முறையை அமெரிக்கரான ஸ்கார்ஸ்ட்ராம் வகுத்து 1960ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். எங்கள் வீட்டுப் பொறி சில நொடிக்கு ஒருமுறை விட்ட பெருமூச்சு, கல் கைவிட்ட நைட்ரஜன் வெளியேறும் ஓசையே என்று அறிந்தபொழுது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று.

அப்பொறி தருவது முழுத் தூய ஆக்ஸிஜன் அன்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பங்கு காற்றில் நைட்ரஜன் 78 பங்கும் போய்விட்டதாகக் கொண்டால், எஞ்சுவன ஆக்ஸிஜன் 21, ஆர்கான் 1. இருபத்திரண்டில் இருபத்தொன்று என்பது நூற்றுக்கு 95 பங்கை ஒட்டியது. ஆர்கான் ஆக்ஸிஜனைப் போலவே கல்லிற் சிறிதளவே ஒட்டுவதால் அதனோடு கூடவே வந்துவிடும். நடைமுறையில் 93 பங்கை ஒட்டிக் கிடைக்கும். நோயாளிக்கு அது போதுமானது.

2021ஆம் ஆண்டில் இக்கல்லின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது. தேஜஸ் போர் விமானத்தில் வீரர் மூச்சு விடுவதற்கென்று பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே அமைத்திருந்த தொழில்நுட்பத்தை, மருத்துவமனைகளுக்கு ஏற்ற பெரும்பொறியாக மாற்றினர். நிமிடத்திற்கு 1,000 லிட்டர் ஆக்ஸிஜன் தரும் வகையில் அஃது அமைக்கப்பட்டது. நிமிடத்திற்கு 5 லிட்டர் வீதம் 190 பேருக்கு அது போதும். அப்பொறிகளைச் செய்யும் முறையை நிறுவனத்தினின்றும் பெற்றவற்றுள் கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிற்சாலையும் ஒன்று. பொறிக்கு வேண்டிய சியோலைட்டு அந்த அளவிற்கு உடனே இங்குக் கிடைக்கவில்லை. ஆகையால் அவ்வாண்டு மே மாதத்தில் ரோம் நகரினின்றும் பெங்களூருக்கு ஏர் இந்தியா விமானங்கள் டன் கணக்கில் சியோலைட்டை ஏற்றி வந்தன. தக்காணம் முழுவதும் சியோலைட்டுப் பாறையை வைத்துக்கொண்டு, ஆலையிற் செய்த மணிகளுக்குப் பிற நாட்டை எதிர்நோக்கவேண்டி வந்ததே என்று என் நண்பர் வருந்தினார். நிலத்திற் கிடைக்கும் கல் வேறு, அளவாக அயனி ஏற்றி உருண்டையாக்கிய கல் வேறு என்பதை அவரும் அறிவார். ஆயினும் அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு.

சியோலைட்டு ஆராய்ச்சியில் நம் நாடு பின்தங்கியிருக்கவில்லை. சென்னை இலயோலாக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற பால் இரத்தினசாமி அவர்கள், புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தம் குழுவினரோடு சியோலைட்டு வினையூக்கிகளை உருவாக்கினார். 1984ஆம் ஆண்டில் பட்நாகர் பரிசு பெற்றார். 1995 முதல் 2002 வரை அவ்வாய்வுக்கூடத்தின் இயக்குநராகவும் விளங்கினார். சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2006ஆம் ஆண்டு முதல் வினையூக்க ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய நடுவம் இயங்கிவருகின்றது. வினையூக்கி ஆராய்வோர்க்கு அகச்சிவப்பு நிறமாலை நாள்தோறும் எடுக்கும் கருவியாகும்.

பொறியை வைத்திருப்போர் அறியவேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. நைட்ரஜனைக் காட்டிலும் நீராவியை அந்த அயனிகள் மிக வலிதாகப் பற்றும். நீர் புகுந்த கல்லின் நிறமாலையை எடுத்தால் 1640ஐ ஒட்டி ஒரு கோடும், 3000க்கு மேல் அகன்ற ஒரு மேடும் எழும். அயனிகளை நீர் பிடித்துக்கொண்டு விட்டது என்பதற்கு அவை சான்று. அதன்பின் நைட்ரஜனுக்கு இடமில்லை. பொறி முனகும், பெருமூச்சும் விடும், ஆனால் வெளியே வருவது வெறுங்காற்றை ஒத்திருக்கும். லித்தியம் ஏற்றிய கல்லுக்கு இத்தீங்கு எளிதில் நேரும். ஆதலின் காற்றை உலர்த்திய பின்னரே கல்லுக்குள் விடும் அமைப்புப் பொறியில் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் செய்யாற்றங்கரைக் காற்றில் ஈரம் ததும்பும். அப்பொழுது பொறியை ஈரச் சுவரோரத்தில் வைத்தலும், மாதக்கணக்கில் இயக்காமற் போட்டு வைத்தலும் ஆகா.

என் தமையனார் நாற்பது நாள் அப்பொறியைப் பயன்படுத்தி, பின்னர் அது வேண்டாதவராயினார். அதனை உத்திரமேரூருக்குத் திருப்பியனுப்பும் நாளில் அண்டை வீட்டுச் சிறுவன் வந்து, காற்று வெளியேறும் துளையின் முன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். “இதில் வருவது என்ன தாத்தா?” என்றான். இம்முறை என்னிடம் விடை இருந்தது. “நைட்ரஜன்” என்றேன். “அப்படியானால் இதன் எதிரே ஒரு விளக்கை வைத்தால் அணைந்துவிடுமா?” என்று கேட்டான். ஆக்ஸிஜன் பொறிக்கு அருகே தீயைக் கொண்டுவருதல் ஆகாது என்று கையேட்டில் எழுதியிருந்ததை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.